களிமண்ணும் கிளட்சும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மயிலாடுதுறையைச் சுற்றியுள்ள மண் தடங்களில் இரண்டாம் நாள் சைக்கிள் போகாது, மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளும் போகாது. மணல்மேட்டுப் பக்கத்து வாய்க்கால் கரைகள், செம்பனார்கோவிலுக்குக் கிழக்கே கடலை நோக்கிப் போகும் ஊர்ப்பாதைகள், கொள்ளிடத்துப் படுகைத் தடங்கள் எல்லாம் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல், களி. காய்ந்திருக்கும்போது கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நனைந்தால் ஊதும், வழுக்கும், டயரின் பள்ளங்களை அடைத்துக்கொண்டு ரப்பரை மொழுமொழுவென்று ஆக்கிவிடும். இந்த மண்ணில் ஓட்ட நான்கு சக்கர இழுவை வண்டி வாங்குவதென்று ஒருவர் முடிவெடுத்து, கம்பெனி, நிறம், கடன் தவணை எல்லாம் பேசி முடித்தபின் கடைசியில் ஒரு இடத்தில் வந்து நிற்பார். மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

எங்கள் ஊரில் இதற்குப் பதில் தயாராகவே இருக்கிறது. "ஃபோர் வீல் வண்டின்னா கியர் வண்டிதான். ஆட்டோமேட்டிக்கெல்லாம் டவுன்ல ஓட்டறதுக்கு." டீக்கடையில் சொல்கிறார்கள், டிராக்டர் ஷெட்டில் சொல்கிறார்கள், வண்டி விற்கிற இடத்திலும் சொல்கிறார்கள். சேற்றுக்குக் கை கியர், சொகுசுக்கு ஆட்டோமேட்டிக் என்ற இந்தப் பிரிப்பு நம் மண்ணைப் பார்த்துச் செய்யப்பட்டதல்ல என்று நான் நம்புகிறேன். மலையிலும் பாறையிலும் உருவான ஒரு தீர்ப்பை எடுத்துவந்து நம் களியின் மேல் வைத்திருக்கிறோம்.

இதன் வேர் ஜீப்பில் இருக்கிறது. 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி செய்யத் தொடங்கிய ஜீப்புக்கு முன்னோக்கி மூன்று கியர். அதற்குப் பின்னால் ஹை, லோ என்று இரண்டு நிலை உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ். லோ போட்டால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகும், வேகம் பாதியாகும். போர் முடிந்தபின் மகிந்திரா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து பூட்டி விற்றது. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டார வளர்ச்சி அலுவலகங்கள் வந்தன, அவற்றின் வாசலில் ஜீப் வந்து நின்றது. 1960-இல் தொடங்கிய தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் அன்றைய தஞ்சாவூரும் ஒன்று. மயிலாடுதுறைக்கு மேற்கே பக்கத்திலிருக்கும் ஆடுதுறையில், 1922-இல் ஏற்படுத்தப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஆடுதுறை 27 அறுபதுகளின் நடுவில் வயலுக்கு வந்தபோது, அதைப் பற்றிச் சொல்ல வந்த அதிகாரிகளை ஊருக்குள் கொண்டுவந்து இறக்கியது ஜீப்தான். நம் பக்கத்து ஜனங்கள் முதலில் பார்த்த நான்கு சக்கர இழுவை அது. அதை ஓட்டியவர் கை கியரில் ஓட்டினார், ஏனென்றால் வேறு எதுவும் கிடைக்கவில்லை. வேறு கிடைக்காததால் வந்த பழக்கம் நாளடைவில் ஒரு தகுதியாகவே ஆகிவிட்டது.

அலுவலக ஜீப் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். எழுபதைத் தாண்டியவர். சேற்றில் ஓட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் குரலே மாறிவிடும்.

"தம்பி, சேத்துல எறங்கறதுக்கு முன்னாடி கரையிலயே நின்னு ஃபோர் வீல் போட்டு, லோ போட்டு, ரெண்டாவது கியரப் போட்டுடணும். எறங்கிட்டா அப்புறம் கிளட்ச மிதிக்கவே கூடாது. மிதிச்சா வண்டி ஒக்காந்துடும்."

"நடுவுல கியர் மாத்த வேண்டி வந்தா என்னண்ணே பண்ணுவீங்க?"

"வரக் கூடாது. வந்துச்சுன்னா, எறங்கும்போதே கியரத் தப்பாப் போட்டுட்டேன்னு அர்த்தம்."

வாழ்நாளெல்லாம் ஜீப் ஓட்டிய ஒருவரின் திறமை எங்கே உச்சத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். கிளட்சை மிதிக்காமல் இருப்பதில். எந்தக் கியரில் இறங்குவது என்பதை அவர் மண்ணின் நிறத்தைப் பார்த்து, முன்னே போன டிராக்டரின் தடத்தில் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்வார். அந்த அறிவு பெரியது, அதை ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது எதற்காக உண்டானது? கை கியரில் இருக்கும் ஒரு குறையில் மாட்டிக்கொள்ளாமல் வண்டியைக் கரை சேர்ப்பதற்காக.

அந்தக் குறையை நெருங்கிப் பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்தால் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். கியர் மாற்றிக் காலை எடுக்கும்வரை சக்கரத்துக்கு இழுவை கிடையாது. தார் ரோட்டில் அந்த நேரத்தில் வண்டி தன் ஓட்டத்திலேயே உருண்டுகொண்டிருக்கும், ஒன்றும் தெரியாது. களியில் சக்கரம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் மண்ணைப் பிளந்து, தனக்கு முன்னால் ஒரு சின்ன மேட்டைத் தள்ளிக்கொண்டே போகிறது. இழுவை நின்ற மறுகணம் அந்த மேடு வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். நடவு வயலில் நடந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். கால் மாற்றி மாற்றிப் போய்க்கொண்டே இருந்தால் சேறு வழிவிடும். ஒரு இடத்தில் நின்றுவிட்டால் முழங்கால்வரை இறங்கி, பிடுங்குவதற்குள் மூச்சு வாங்கிவிடும். நின்றுபோன வண்டியைத் திரும்பக் கிளப்பும்போது கிளட்சை மெதுவாக விட்டால் பிளேட் உரசி எரிகிறது. சட்டென்று விட்டால் முறுக்கு மொத்தமும் ஒரே அடியாகச் சக்கரத்தில் இறங்குகிறது. டயர் சுற்றும், மண்ணின் மேல்தோல் கிழியும், வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். ஹாஃப் கிளட்சில் போராடியபின் வரும் அந்தக் காரமான வாடையை முகராத டெல்டா டிரைவர் இருக்க மாட்டார். அடுத்த வாரம் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்ற ஷெட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக்கில் இந்த அறுபடல் இல்லை. மூடிய ஒரு கூட்டுக்குள் எஞ்சின் சுழற்றும் விசிறி எண்ணெயைத் தள்ளுகிறது. எதிரேயுள்ள இரண்டாவது விசிறி அந்தத் தள்ளலில் சுழன்று கியர்களை ஓட்டுகிறது. திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றிக்கொடுக்க நடுவே ஒரு சின்னச் சக்கரம் உண்டு. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அந்தச் சக்கரத்தின் உதவியால் எஞ்சினின் முறுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்குவரை பெருகும். அங்கே நழுவுவது எண்ணெய்தான் என்பதால் எரிவதற்குப் பிளேட் இல்லை; சூடு எண்ணெய்க்குப் போய், அங்கிருந்து கூலருக்குப் போகிறது. கியர் மாறும்போதும் கியர்பாக்ஸின் உள்ளேயிருக்கும் சின்னக் கிளட்சுகளில் ஒன்று விடும்போதே அடுத்தது பிடித்துக்கொள்கிறது. லோ போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், நடந்து போகிறவரின் வேகத்தில் வண்டி ஊர்ந்துகொண்டே இருக்கும். களி கேட்பது இவ்வளவுதான்: இழுவை நிற்கக் கூடாது, ஒரேயடியாகப் பாயவும் கூடாது.

இதற்குக் காப்புரிமை பெற்றவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர், 1905-இல். அவர் நினைப்பில் கார் இல்லை. ஷ்டெட்டின் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர் அவர். வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனையும், மெதுவாகச் சுழல வேண்டிய கப்பலின் உந்துவிசிறியையும் இணைக்க வழி தேடினார். 1939-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கு ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கி கியர் வந்தது. அதுவும் எண்ணெய் வழியாக விசை கடத்துவதுதான். சில ஆண்டுகளில் அதையே இரண்டு காடிலாக் எஞ்சின்களோடு சேர்த்து எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில் பூட்டிப் போருக்கு அனுப்பினார்கள். ஒரே போரில் ஜீப்புக்கு மூன்று கியர் மேனுவல், டாங்கிக்கு ஆட்டோமேட்டிக். நம் ஊருக்கு ஜீப் வந்து சேர்ந்தது, டாங்கி வரவில்லை. கடினமான வேலைக்கு ஆட்டோமேட்டிக் ஆகாது என்ற எண்ணம் வேரூன்ற அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

ஆனால் நம் வயலுக்குள் ஆட்டோமேட்டிக் வந்து வருஷங்கள் ஆகின்றன. அதை யாரும் அந்தப் பெயரில் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வருகிறது. ஈர வயலில் டயர் வைத்த அறுவடை மிஷின் இறங்கினால் புதைந்துவிடும் என்பதால் டெல்டாவில் பெல்ட் மிஷின்தான். குபோட்டா போன்ற ஜப்பானியக் கம்பெனிகளின் மிஷின்கள் அதிகம். அதன் இந்திய நிறுவனம் 2008-இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கியது. சீசனில் ஆத்தூர், சேலம் பக்கத்திலிருந்து மிஷினும் ஆளும் சேர்ந்தே வருவார்கள். அப்படி வந்த ஒரு ஆபரேட்டர் பையனுக்குப் பக்கத்தில் நின்று ஒரு குறுவை வயல் முழுக்கப் பார்த்தேன். மழையில் நெல் ஒருபக்கம் சாய்ந்து படுத்திருந்தது, வயலில் கணுக்கால் ஈரம். அவன் வலது கை திருப்புவதையும் கத்தரியை ஏற்றி இறக்குவதையும் பார்த்துக்கொண்டது. இடது கை ஒரு லிவரின் மேலேயே இருந்தது. பயிர் நிமிர்ந்து நின்ற இடத்தில் லிவர் முன்னே போகும், சாய்ந்த இடத்தில் ஒரு விரல் அளவு பின்னே வரும், மிஷின் தயங்கித் தயங்கி ஊரும். எஞ்சின் சத்தத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

"கிளட்ச் எங்க தம்பி?"

"ஓட்டறதுக்குக் கிளட்சே வேண்டாங்ண்ணா. தள்ளுனா போகும், இழுத்தா நிக்கும், இன்னும் இழுத்தா ரிவர்ஸு. எஞ்சின ஃபுல்லா வச்சுக்கிட்டு வண்டிய மட்டும் மெதுவா விடணுங்க. ஆக்சிலேட்டரக் கொறச்சா உள்ள அடிக்கிற டிரம்மும் கொறஞ்சிரும், வைக்கோல் சுத்திக்கும்."

அந்த லிவருக்குப் பின்னால் இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர். எஞ்சின் ஒரு பம்பை ஓட்டுகிறது. பம்புக்குள் ஒரு தட்டு சாய்ந்து நிற்கிறது. தட்டு நேராக இருந்தால் எண்ணெய் நகராது, மிஷின் நிற்கும். சாயச் சாய எண்ணெய் அதிகம் ஓடி மோட்டாரை வேகமாகச் சுற்றும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் பின்னோக்கி ஓடும். சுழியத்திலிருந்து முழு வேகம்வரை நடுவே எங்கும் இழுவை அறுவதில்லை. நடவு மிஷின்களிலும் உட்கார்ந்து ஓட்டும் வகைகளில் இதே முறைதான். டெல்டாவின் சேற்றில் நாள் முழுக்க ஓட வேண்டிய இயந்திரத்தைச் செய்தவர்கள் கிளட்சை ஒதுக்கி வைத்தார்கள். அதைச் சொகுசு என்று எந்த விவசாயியும் சொன்னதில்லை. கியர் இருந்தால்தான் அசல் அறுவடை மிஷின் என்று யாரும் வாதாடியதும் இல்லை. வேலை நடக்கிறதா, நெல் சிந்தாமல் வருகிறதா, இவைதான் கேள்வி. இதே மனிதர்கள் ஜீப் வாங்கும்போது மட்டும் ஏன் வேறு மாதிரி யோசிக்க வேண்டும்?

அப்படி யோசிக்கப் பழக்கியதில் வண்டிக் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. டொயோட்டா ஃபார்ச்சூனர் 2009-இல் இந்தியாவுக்கு வந்தபோது நான்கு சக்கர இழுவையும் கை கியரும்தான். 2012-இல் ஆட்டோமேட்டிக் வந்தது, ஆனால் இரண்டு சக்கர இழுவை வண்டிக்கு மட்டும். நான்கு சக்கரமும் ஆட்டோமேட்டிக்கும் ஒரே வண்டியில் சேர 2015 ஆனது. திருவள்ளூரில் பூட்டப்பட்ட மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட்டிலும் ஆட்டோமேட்டிக் முதலில் இரண்டு சக்கர இழுவைக்குத்தான் வந்தது. சேற்றுக்கு ஒன்று, ஷாப்பிங்குக்கு ஒன்று என்று விற்றவர்களே பிரித்து வைத்தார்கள். பிறகு காற்று மாறியது. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எண்டெவர் 2020-இல் பத்து கியர் ஆட்டோமேட்டிக்கோடு மட்டுமே வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி விற்பனைக்கு வந்த மகிந்திராவின் புதிய தார், டீசல், பெட்ரோல் இரண்டிலும் நான்கு சக்கர இழுவையோடு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டரைக் கொடுத்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் உருவான வண்டி அது. 2023-இல் வந்த மாருதி ஜிம்னியிலும் நான்கு சக்கர இழுவையும் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்தே உண்டு. ஃபோர்ஸ் கூர்க்கா மட்டும் கை கியரை விடவில்லை. 2024-இல் வந்த ஐந்து கதவு வண்டியிலும் அதுதான். முன்னும் பின்னும் டிஃப்பரன்ஷியல் லாக் கொடுக்கும் அந்த வண்டியின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதில் ஒரு டார்க் கன்வெர்ட்டரும் இருந்திருந்தால் எங்கள் பக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்பேன்.

கை கியருக்காகப் பேசுகிறவர்கள் முதலில் எடுத்துவைப்பது எஞ்சின் பிரேக்கிங். இறக்கத்தில் கியரில் வைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடிப்பது. கொல்லிமலையில், வால்பாறையில், லடாக்கில் அது உயிர் காக்கும் விஷயம், சந்தேகமில்லை. மயிலாடுதுறை கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டர் அளவு உயரத்தில்தான் இருக்கிறது. இங்கே இருக்கும் ஒரே ஏற்ற இறக்கம் ஆற்றுக்கரை. அந்தக் கரையில் ஏறும்போது நடப்பதைப் பாருங்கள். மழையில் நனைந்த செங்குத்தான மண் சரிவு, மேலே ஒற்றை வண்டித் தடம், ஏறி முடித்தவுடன் திரும்ப வேண்டும், அந்தப் பக்கம் ஆறு. பாதியில் நின்றால் கை பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். பின்னால் நழுவினால் வாய்க்கால். மலையின் வாதத்தை நம்பி மேனுவல் வாங்கியவர், தன் ஊரிலிருக்கும் ஒரே மேட்டில் அதனோடு மல்லுக்கு நிற்கிறார்.

எஞ்சினின் பலத்திலும் இப்போது கணக்கு மாறிவிட்டது. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் கை கியரோடு வந்தால் 420 நியூட்டன் மீட்டர் முறுக்கு, ஆட்டோமேட்டிக்கோடு வந்தால் 500. அடிப்படையில் எஞ்சின் ஒன்றுதான். மேனுவலில்தான் முழு பலம் என்ற பழைய பேச்சை இந்த ஒரு வண்டியின் விவரப்பட்டியலே மறுத்துவிடுகிறது.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திவிட வேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் 'ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பார்த்துட்டேன், சரிப்படல' என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஓட்டியது டார்க் கன்வெர்ட்டர் அல்ல. 2014-இல் மாருதி செலரியோவோடு பரவத் தொடங்கிய ஏஎம்டி அது. சாதாரணக் கை கியர்பாக்ஸின் கிளட்சையும் லிவரையும் மனிதனுக்குப் பதில் ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக்கோ இயக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இழுவை அறும், தலை முன்னும் பின்னும் ஆடும். டவுனுக்கு அது நல்ல, மலிவான ஏற்பாடு. சேற்றில் கிளட்சின் குறை அப்படியே இருக்கும், பழைய ஜீப் டிரைவரின் கால் மட்டும் இருக்காது. அதை வைத்து ஆட்டோமேட்டிக் முழுவதையும் தள்ளிவிடக் கூடாது.

மேனுவலின் பக்கம் கனமான காரணங்கள் இருக்கின்றன. அவை மலையைப் பற்றியவை அல்ல, தண்ணீரையும் ஷெட்டையும் பற்றியவை. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வந்த வெள்ளம் கொள்ளிடத்தில் திரும்பியபோது நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்கள் தண்ணீரில் நின்றன. அதே ஆண்டு நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் வண்டி தண்ணீருக்குள் போகத்தான் வேண்டும். தாருக்கு 650 மில்லிமீட்டர் வரை தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொல்கிறது. ஆனால் ஓடும் தண்ணீரின் ஆழம் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. கியர்பாக்ஸ் மூச்சுவிடும் குழாய் வழியாகவோ, பழுதான கூலர் வழியாகவோ ஆட்டோமேட்டிக்கின் எண்ணெயில் தண்ணீர் கலந்தால் சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் ரோஸ் நிறப் பால் மாதிரி ஆகிவிடும். உள்ளேயிருக்கும் கிளட்ச் தட்டுகளின் காகித ஒட்டு உரிய ஆரம்பிக்கும். மேனுவலில் தண்ணீர் புகுந்தால் ஆயிலை வடித்துவிட்டு 90 ஆயில் புதிதாக ஊற்றி ஓட்டிவிடலாம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பேட்டரி இறங்கிப்போனாலும் மேனுவலை நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். டார்க் கன்வெர்ட்டர் வண்டியைத் தள்ளிப் பயனில்லை, ஏனென்றால் உள்ளே எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்கும் பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போடாமல் கட்டி இழுத்தாலும் செலவு வைக்கும். நீண்ட சேற்றில் தொடர்ந்து உழன்றால் எண்ணெய் சூடாகும், நிறுத்தி ஆறவிட வேண்டும்.

இவற்றை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளப் படுகையில் குடியிருப்பவர், பேட்டரிக் கடைக்கும் ஷெட்டுக்கும் தூரத்திலிருப்பவர், பழைய வண்டியைத் தானே பிரித்துச் சேர்ப்பவர் கை கியரை எடுத்தால் அது சரியான முடிவு. மற்றவர்களிடம் நான் கேட்பது, வண்டியை யாரெல்லாம் ஓட்டப் போகிறார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள் என்பதுதான்.

டெல்டாவில் வயலைப் பார்த்துக்கொள்கிறவர்களில் பலர் இப்போது அறுபதுக்கு மேல். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். சேற்றில் உழைத்துத் தேய்ந்த முழங்கால்கள். மண் தடத்தில் ஊரும்போது ஜீப்பின் கனமான கிளட்சை ஓயாமல் மிதிக்கும் இடது கால் ராத்திரி என்ன பாடுபடும் என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அந்தப் பெண்களும் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள்தான். நெல் மூட்டையைக் கொள்முதல் நிலையத்துக்கு அனுப்புவது, உரம் வாங்கி வருவது, ராத்திரியில் பிரசவ வலி வந்தவரை மயிலாடுதுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவது என்று வேலைகள் அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய கைக்கு ஃபோர் வீல் லிவரும் இரண்டு பெடலும் ஒரு வாரப் பழக்கம். சேற்றில் கிளட்ச் பழகுவதற்கு ஒரு மழைக்காலம் வேண்டும், பழக்கிவிடப் பொறுமையுள்ள ஒருவரும் வேண்டும். அப்படி ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. இடது காலில் போலியோ பாதிப்புள்ள ஒரு விவசாயி ஆட்டோமேட்டிக் வண்டியில் தன் வயலுக்குத் தானே போவதைப் பார்த்திருக்கிறேன். மகன் வரும்வரை காத்திருக்காமல், மழை விட்ட அன்றைக்கே மடையைப் போய்ப் பார்க்கிறார். இந்தப் பக்கம் யோசித்தால் மேனுவல்தான் ஆம்பள வண்டி என்ற பேச்சு எவ்வளவு பேரை வயல் வரப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது என்பது விளங்கும்.

என் கோபம் வேறொன்றின் மேல். சேற்றில் நிஜமாகவே வேலை செய்கிற வண்டி தாரும் ஜிம்னியும் அல்ல, பிக்கப். விதை, உரம், டீசல் கேன், மோட்டார், வலை, கூடை எல்லாம் ஏறுவது அதில். மகிந்திராவின் பொலெரோ பிக்கப், கேம்பர் வகைகளில் நான்கு சக்கர இழுவை கிடைக்கிறது, கை கியரோடு மட்டும். சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸில் நான்கு சக்கரமும் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்து வேண்டுமென்றால் 2021 வரிசையில் உச்ச விலை வகைக்குத்தான் போக வேண்டியிருந்தது. தோல் இருக்கையும் தொடுதிரையும் கேட்காத ஒருவர், இழுவை அறாத ஒரு கியர்பாக்ஸுக்காக அவற்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அறுவடை மிஷினில் உழைப்புக் கருவியாகக் கிடைக்கும் ஒன்று, நான்கு டயரின் மேல் ஏறியதும் அந்தஸ்தாகிவிடுகிறது. இரும்பு மேடை, துணி சீட், லோ, டார்க் கன்வெர்ட்டர், இவை மட்டும் உள்ள ஒரு பிக்கப்பை ஏன் இங்கே யாரும் விற்கவில்லை?

கேட்டால், கிராமத்தில் பார்க்க ஆள் இல்லை என்பார்கள். பெல்ட் மிஷின் வந்த புதிதிலும் இதைத்தான் சொன்னார்கள். ஹைட்ராலிக் கோளாறு என்றால் கம்பெனி ஆள் வரும்வரை மிஷின் வயலிலேயே நிற்கும், நெல் கொட்டிக்கொண்டிருக்கும். இன்று கும்பகோணம் சாலையில் ஒரு ஷெட்டில், ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்த ஒரு இளைஞர் ஹைட்ரோஸ்டாட்டிக் பம்பைப் பிரித்து மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறார். பிஸ்டன்களை மண்ணெண்ணெயில் கழுவி, சாய்வுத் தட்டில் விழுந்திருக்கும் கீறலை நகத்தால் தடவிப் பார்க்கிறார். எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து, உலோகத் தூள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டுகிறார்.

"ஆட்டோமேட்டிக் ஜீப் வந்தா பாப்பியாப்பா?" என்று கேட்டேன்.

"ஆயில், ஃபில்டர் மாத்தறது இப்பவே பண்றேண்ணே. பாக்ஸப் பிரிக்கணும்னா ஸ்கேனர் வேணும், அதுக்குன்னு இருக்கற டூல் வேணும், சர்வீஸ் புக் வேணும். கத்துக்குடுத்தா கத்துக்கிட்டுப் போறேன், இது என்ன கம்ப சூத்திரமா?"

மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று கேட்டு வருகிறவர்களிடம், களியில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஆட்டோமேட்டிக் என்று சொல்லிவிட்டு, ஷோரூமுக்குப் போவதற்கு முன் அந்த ஷெட்டுக்கு ஒருமுறை போய்வரச் சொல்கிறேன். கியர்பாக்ஸின் மூச்சுக்குழாயை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றிக் கட்டலாம் என்பதை அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு காட்டுவார்.